முன்வரிசை, இடது ஓரம்

மில்வாக்கி
செப்டம்பர் 9, 2019

டார்லா,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

அக்டோபர் 24, வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வாசிக்கப் போகிறேன். படைப்பெழுத்துத் துறை மாதம் ஒரு எழுத்தாளரை அழைத்து ஊரார் முன்னால் வாசிக்க வைக்கிறார்களே, அந்தத் தொடரில். ஹார்லன் கிரீக் சின்ன ஊர். நான் வருவது வேறு யார் மூலமாவது உன் காதுக்கு எட்டுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. (காது கேளாத உனக்குப் போய் "காதுக்கு எட்டுவது" என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை. அடித்தால் அதற்கும் கோபித்துக்கொள்வாய்.)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். துறைத் தலைவர் ஹாலிஸ் ப்ரூயிட் போனில் என்னிடம், "அடுத்த வருஷம் எங்ககிட்ட ஒரு இடம் காலியாகுது மார்னி. ஆளெடுக்கற கமிட்டிக்காரங்க எல்லாரும் அன்னைக்கு வருவாங்க. நான் ஒண்ணும் சொல்லல, பார்த்துக்கோ" என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது. மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் நடத்திவிட்டு, காரிலேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன். இந்த வேலை கிடைத்தால் நானும் உன் ஊர்க்காரி ஆகிவிடுவேன். அது உனக்குச் சந்தோஷமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

என்ன வாசிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ வந்தால் நன்றாக இருக்கும். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

மார்னி


ஹார்லன் கிரீக்
செப்டம்பர் 16

மார்னி,

என்ன வாசிப்பது என்று நீ முடிவு செய்யவில்லையாம். செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபுக்கு எதிரே நான் சாண்ட்விச் வாங்கும் கடையின் கதவில் உன் படம் போட்ட சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. உன் பெயருக்குக் கீழே, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், "பியானோவின் மேல் கை" என்று போட்டிருக்கிறார்கள். உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாளே அதைப் பார்த்துவிட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிற முதல் கடிதத்திலேயே பொய்யா?

உன் புத்தகத்தில் வரும் அந்த அத்தியாயத்தை நான் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், படித்துவிட்டேன். எங்கள் முதலாளியின் மனைவி தன் வாசகர் வட்டத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, நான் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து கட்டிப்பிடித்தாள். பல் போயிற்று. அம்மாவின் அடக்கத்தில் ஊரே அழும்போது, காது கேளாத அக்கா மட்டும் சர்ச் பியானோவின் மேல் உள்ளங்கையை வைத்து, மர அதிர்வில் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாளாம். முகத்தில் ஒரு அமைதியாம்.

நான் பியானோவில் கை வைத்தது புது ஷூ கடித்ததால். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் நின்றும், யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை தெரியாமல் இருந்தேன். பாதிரியாருக்கு மீசை, வாயைப் படிக்க முடியாது. நீயோ குனிந்துகொண்டே பேசினாய். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. என் முகத்தில் இருந்தது அமைதி இல்லை, அலுப்பு. பாதிக்கு மேல் கோபம்.

நீ பேசி முடித்து இறங்கியதும் என்ன பேசினாய் என்று கேட்டேன். என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அப்புறம் சொல்றேன்." நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் கேட்டால் எப்போதும் கிடைத்த பதில் அதுதான். "அப்புறம் சொல்றேன் டார்லா." இல்லையென்றால் "ஒண்ணுமில்ல, விடு."

நான் வருகிறேன். ஆனால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். போன வருஷம் ஒரு கவிஞருக்குப் போனேன். ஒரே ஒரு பருவம் சைகை மொழி படித்த மாணவியைத் தூணுக்குப் பின்னால் இருட்டில் நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவள் "இலையுதிர்காலம்" என்பதையே நாலு தடவை காட்டினாள். அப்படி வேண்டாம். ரெனாட்டா வாஸ் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கூப்பிடச் சொல். மேடையிலேயே உனக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். முன்வரிசையில் இடது ஓரம் என் இடம்.

நீ வாசிக்கப் போவதை முன்கூட்டியே ரெனாட்டாவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வேலை செய்யும் முறை அது. அது என்னவென்று அவள் என்னிடம் சொல்ல மாட்டாள், அவர்கள் தொழிலில் அது கூடாது. நானும் கேட்க மாட்டேன். எதை அனுப்புகிறாய் என்பது உன் பாடு.

டார்லா


மில்வாக்கி
செப்டம்பர் 25

டார்லா,

ரெனாட்டா வாஸை ஏற்பாடு செய்துவிட்டார்கள். விளக்கு, மேடை, முன்வரிசை எல்லாம் நீ சொன்னபடியே. அந்த அத்தியாயத்தையே அவளுக்கு அனுப்பியும் விட்டேன்.

கோபிப்பதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேள். தலைப்பைச் சுவரொட்டியில் போட்டது அவர்கள். வேறு எதையாவது வாசிக்கட்டுமா என்று ஹாலிஸிடம் கேட்டேன். "பசங்க எல்லாரும் அதைத்தான் வகுப்புல படிச்சிட்டு வர்றாங்க. உன்னை அறிமுகம் பண்ணப் போற பொண்ணு அதைப் பத்தியே அஞ்சு பக்கம் எழுதி வெச்சிருக்கா. இப்ப வந்து மாத்தறேங்கிறியே" என்றார். வேலை கொடுக்கப்போகிறவரிடம் அதற்கு மேல் எப்படி மல்லுக்கு நிற்பது?

எங்கே வாசித்தாலும் அந்த இடம் வரும்போது அரங்கம் முழுக்க "ம்ம்" என்று ஒரு சத்தம் எழும். வாசிப்புக் கூட்டங்களுக்கே உரிய சத்தம் அது. அப்புறம் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் என்னைப் பற்றிக் கேட்பதில்லை, உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று. நான் "நல்லா இருக்கா" என்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கென்ன தெரியும்?

உன்னைக் கேவலப்படுத்தி நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ இப்படிக் கொதிப்பதில் நியாயம் உண்டு. நான் எழுதாமல் விட்டதை நினைத்துப் பார். அன்று சர்ச்சுக்குக் கீழே சாப்பாட்டு அறையில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, உன் தட்டைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் வெளியே போனாய். அம்மாவின் அடக்கத்தன்று. வெல்மா சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டாமல் போனை வைப்பதில்லை. "அவளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. பெத்தவ கடைசியாச் செஞ்ச காரியத்தை இப்படியா..." என்று ஆரம்பித்துவிடுவாள். நான்தான் பேச்சை மாற்றுவேன். அந்தத் தட்டை நான் புத்தகத்தில் எழுதவில்லை. பியானோவை எழுதினேன். இரண்டில் எது உனக்கு நான் செய்த மரியாதை என்று நீயே சொல்.

அப்புறம் சொல்கிறேன் என்றேன், உண்மைதான். அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீதான் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பிறகு என் எண்ணையும் தடுத்துவிட்டாய். எப்போது சொல்வது?

மார்னி


ஹார்லன் கிரீக்
அக்டோபர் 19

மார்னி,

மூன்று வாரமாக இதை எழுதாமல் இருந்தேன். எழுதினால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று பயம். இப்போது பயம் போய் வெறும் எரிச்சல்தான் மிச்சம் இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

தட்டு என்கிறாய். சரி, ஏன் கவிழ்த்தேன் என்று சொல்கிறேன். ஆறு வருஷத்தில் நீங்கள் யாரும் கேட்கவில்லை.

நீ அன்று சர்ச்சில் பேசிக்கொண்டிருந்தாய். நடுவில் திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரித்தபடியே அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். நீயும் மேடையில் இருந்து நான் இருந்த பக்கம் கையை நீட்டினாய். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பியானோக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் சிரித்தேன், மார்னி. எதற்கென்று தெரியாமல், சின்ன வயதில் இருந்து செய்கிற மாதிரியே பல்லைக் காட்டினேன். செத்துப்போனவளின் மகள், தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து இளித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நீ "அப்புறம் சொல்றேன்" என்றாய். கீழே சாப்பாட்டு அறையிலும் வருகிறவர் எல்லாம் தட்டைக் காட்டி, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தனை வாயையும் என்னால் படிக்க முடியவில்லை. என்னை வைத்துச் சிரித்தவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய்கூட இறங்காது என்றுதான் தட்டைக் கவிழ்த்தேன்.

இப்போது கேட்டுக்கொள். வியாழக்கிழமை நீ அந்தப் பியானோவை வாசித்தால், கேள்வி நேரத்தில் நான் எழுந்து நிற்பேன். நான் கையால் சொல்வதை ரெனாட்டா வாயால் சொல்வாள். அவளுக்கு நல்ல குரலாம், எல்லோரும் சொல்கிறார்கள், கடைசி வரிசைவரை கேட்குமாம். அத்தனை பேர் முன்னால், உன் கமிட்டிக்காரர்கள் முன்னால், ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அம்மாவின் அடக்கத்தில் என்னைப் பற்றி என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய்?

டார்லா


ஹார்லன் கிரீக், விடுதி அறை
அக்டோபர் 24, காலை

டார்லா,

நேற்று இங்கே கிளம்பும்போதுதான் உன் கடிதம் கைக்கு வந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டுப் படித்தேன். மறுபடி காரை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. இதை உன் லேப் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வர மாட்டேன்.

உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இதை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன், சாயங்காலம்வரை நீ அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

மீதியை இதில் எழுத மாட்டேன். மறுபடியும் "அப்புறம்" என்கிறேன் என்று நினைக்காதே. இதை உனக்குத் தனியாக, மூலையில் வைத்து, சுருக்கிச் சொல்வது என்பது நாங்கள் எப்போதும் செய்ததுதான். இந்த ஒரு தடவை அப்படி வேண்டாம். நிறைந்த அரங்கில், எல்லோருக்கும் தெரிகிற அதே நேரத்தில் உனக்கும் தெரியட்டும்.

அன்று நான் கையில் தாள் வைத்துக்கொண்டு பேசவில்லை. அதனால் நேற்று விடிய விடிய அப்பாவையும் பாதிரியாரையும் போனில் எழுப்பி, யார் யாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். அப்பா திட்டிக்கொண்டேதான் சொன்னார். புதிய பக்கங்களை ரெனாட்டாவுக்கு அனுப்பியாயிற்று. கடைசி நேரத்தில் மாற்றுகிறேனே என்று அவளும் திட்டினாள். ஹாலிஸிடம் நான் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் உனக்கும் தெரியும் என்று. அந்தத் தட்டைப் பற்றிப் போன கடிதத்தில் நான் எழுதிய வரிகளைத் திரும்பப் பெற முடிந்தால் பெற்றுக்கொள்வேன்.

வா. எழுந்து நின்று கேட்பதானால் கேள். வந்துவிடு, அது போதும்.

மார்னி


ஹார்லன் கிரீக்
அக்டோபர் 27

மார்னி,

நான் எழுந்ததும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கேள்வி கேட்கத்தான் எழுகிறேன் என்று நினைத்தாய். நான் கதவைப் பார்த்து நடந்ததும் இன்னும் மோசமாகப் போயிற்று. நான் ஏன் நடுவில் போனேன் என்று நீ உன் இஷ்டத்துக்கு ஏதாவது கற்பனை செய்துகொள்வாய், அப்புறம் அதை ஒரு அத்தியாயமாக எழுதிவிடுவாய். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

அந்த அறிமுகப் பெண் அஞ்சு பக்கத்தையும் வாசித்தாள். ரெனாட்டா அத்தனையையும் காட்டினாள். நான் கேளாமையின் கடலில் ஒரு கலங்கரை விளக்கமாம். ரெனாட்டாவுக்கே வாய் கோணியது.

பிறகு நீ வந்து நின்றாய். குனியவில்லை. "இன்னைக்கு போஸ்டர்ல இருக்கறதை வாசிக்கப் போறதில்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மா அடக்கத்துல ஒண்ணு பேசினேன். அன்னைக்கு சர்ச்சுல இருந்த எல்லாருக்கும் அது போய்ச் சேந்துச்சு, ஒருத்தரைத் தவிர" என்றாய். ஹாலிஸ் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். அவர் வாயைப் படித்தேன்: "என்ன பண்றா இவ?" மேல்வரிசையில் இரண்டு பல் கட்டியிருக்கிறார், எங்கள் லேபில் செய்ததாகத்தான் இருக்கும். உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுகிறேன்.

அம்மா தையல் மிஷினோடு சண்டை போடுவது, அப்பாவின் தலைமுடியைத் தானே வெட்டிவிட்டு ஞாயிறு முழுக்க அவர் கண்ணில் படாமல் இருப்பது, இதெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கிறாய். நான் அன்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. அம்மா சாவதற்கு முந்தைய மாதம், நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தன் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தானே சமைத்து ஃப்ரீசரில் வைத்தாள். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்பில் வேகவைக்கும் அந்தக் கேசரோல், தட்டு தட்டாக. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி எழுதியிருந்தாள்: "அடக்கம் முடிந்து சூடாக்கவும். வெல்மாவை அடுப்புப் பக்கம் விடாதே, உப்பை அள்ளிக் கொட்டுவாள்." அதைத்தான் நீ சொன்னாய். அதற்குத்தான் சர்ச்சே சிரித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தது வெல்மா சித்தியை. நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரங்கத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் சிரித்தேன். சத்தமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. ஆறு வருஷமாக என் மார்பில் உட்கார்ந்திருந்தது வெல்மா சித்தியின் உப்பு. ரெனாட்டாகூடக் கையை நிறுத்திவிட்டு எனக்காக ஒரு கணம் காத்திருந்தாள்.

அடுத்த வரியை நீ வாசித்தாய், அவள் காட்டினாள்: "இப்ப எல்லாரும் கீழ போய்ச் சாப்பிடப்போறது எங்கம்மா செஞ்சது. அவ கையால இதுதான் கடைசி. மிச்சம் வெக்காதீங்க."

அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றேன், இந்தத் தடவையும் கோட்டு இல்லாமல். உன் மேல் கோபத்தில் எழுந்து போகவில்லை. தட்டைக் காட்டிப் புன்னகைத்துப் போன அத்தனை பேரும் அன்று என்னிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் அத்தனை பேர் கண்முன்னால் அம்மா செய்ததைக் குப்பையில் போட்டேன். என்னைப் பற்றி ஊர் என்ன நினைத்திருக்கும் என்பது எனக்குப் பெரிதில்லை. அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை பார். என் முகத்தைப் பார்த்து அதை எழுதிக்காட்ட மனசு வந்திருக்காது. இல்லையென்றால் நீ சொல்லுவாய் என்று இருந்திருப்பாள்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே, எனக்கே தெரியாது. போனில் தடை அப்படியே இருக்கிறது. கடிதம் போடு.

அன்று ஒரு கரண்டியாவது வாயில் வைத்தேனா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், நான் பார்த்தேன். அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. மேலே முறுகலாக இருந்ததா, ஃப்ரீசர் வாடை அடித்ததா, அவள் வழக்கம்போல மிளகை மறந்திருந்தாளா, உப்பு சரியாக இருந்ததா. அழகாக எழுத வேண்டாம். இருந்தது இருந்தபடி எழுது. இப்போதே எழுது.

டார்லா